மிளகாய் விதை: நேரா தொட்டியில போடலாமா, ட்ரேயா, டிஷ்யூ பேப்பரா, இல்ல நாத்தே வாங்கிடலாமா?

மிளகாய் வளர்க்க ஆசைப்படுற யாரைக் கேட்டாலும் ஆரம்பத்துலயே ஒரு இடத்துல சிக்கி நிக்குறாங்க. விதை கைல இருக்கு, தொட்டியும் மண்ணு போட்டு ரெடி, நேரா அதுலயே போட்டுடட்டுமா, இல்ல நாத்து ட்ரேல போட்டு பிடுங்கி நடணுமா, ஈர டிஷ்யூல சுத்தி வச்சா சட்டுனு முளைக்குதுன்னு ஒருத்தர் சொல்றாரு, இவ்வளவு பாடு எதுக்கு நாத்தே வாங்கிடுன்னு இன்னொருத்தர் சொல்றாரு. நான் இந்த நாலு வழியிலயும் செடி எடுத்திருக்கேன், நாலு வழியிலயும் செடியை மொத்தமா பறிகொடுத்தும் இருக்கேன், அதனால கேக்குறவங்களுக்கு ஒரே பதிலா சொல்ல எனக்கு மனசு வரல.

ஆனா ஒண்ணு மட்டும் அடிச்சு சொல்வேன். எல்லாரும் "எது சீக்கிரம் முளைக்கும்"னு பாத்துதான் வழியை முடிவு பண்றாங்க. மிளகாய்ல நஷ்டம் பெரும்பாலும் முளைக்கிற இடத்துல வர்றதே இல்ல, முளைச்சு தலையைத் தூக்கின அப்புறம் வர்ற ரெண்டு மூணு வாரத்துலதான் வருது. அந்த நாள்ல உங்க கண்ணுக்கு முன்னாடி செடி இருக்குமா, தண்ணி அளவா போகுமா, வெளிச்சம் கிடைக்குமா, இதை யோசிச்சு வழியைத் தேர்ந்தெடுத்தீங்கன்னா பாதி கஷ்டம் குறையும்.

## எதை வச்சு ஒப்பிடணும்

மண்ணோட சூடு. மிளகாய் விதைக்கு மண்ணு 25ல இருந்து 30 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இருந்தா ரொம்ப பிடிக்கும். 20க்கு கீழ போனா நாள் இழுத்துக்கிட்டே போகும், 15 டிகிரிக்கிட்ட வந்துட்டா கிட்டத்தட்ட தூங்கிடும், 35ஐ தாண்டினாலும் முளைப்பு குறையும். நம்ம போன்ல பாக்குறது காத்தோட சூடு, ஈரமா இருக்குற மண்ணு அதைவிட சில டிகிரி குளிர்ச்சியாதான் இருக்கும், இதை நிறைய பேர் கணக்குல எடுக்குறதே இல்ல.

கைல எத்தனை விதை. நூறு விதை இருக்குறவரும் எட்டு விதை மட்டும் வச்சிருக்குறவரும் ஒரே வழியில போகக் கூடாது.

வகை. சாதாரணமா நாம பாக்குற நீட்டு மிளகாய், குடமிளகாய் எல்லாம் கேப்சிகம் ஆனம் இனம், சூடு சரியா இருந்தா 7ல இருந்து 14 நாள்ல வந்துடும். ஹபனேரோ, பூத் ஜோலோக்கியா மாதிரி பயங்கர காரமான வகைங்க கேப்சிகம் சைனென்ஸ் பக்கம் சேர்ந்தது, அதுங்களுக்கு ரெண்டு வாரத்துல இருந்து நாலு வாரம் ஆகும், சில சமயம் ஆறு வாரம் வரைக்கும்கூட பொறுமையா காத்திருக்கணும். இந்த ஒரு வித்தியாசம் மொத்த முடிவையும் மாத்தும், கீழ வரும்.

நாத்து அழுகல். முளைச்சு நல்லா நின்ன செடி ஒரு நாள் காலைல பாத்தா தண்டு மண்ணோட சேர்ற இடத்துல நூல் மாதிரி மெலிஞ்சு சாஞ்சு கிடக்கும். பித்தியம், ரைசோக்டோனியா மாதிரி மண்ணுல இருக்குற பூஞ்சைங்களும் பூஞ்சை மாதிரி நுண்ணுயிருங்களும் பண்ற வேலை. ஓவர் தண்ணி, காத்தோட்டம் இல்லாதது, நெருக்கமா முளைச்சது, இந்த மூணும் சேர்ந்தா வர வாய்ப்பு ரொம்ப அதிகம். வந்த செடியைக் காப்பாத்த முடியாது, அதனால எந்த வழியில இது வர வாய்ப்பு குறைவுன்னு பாக்குறது ரொம்ப முக்கியம்.

உங்க நேரம். தினமும் ரெண்டு தடவை அஞ்சு நிமிஷம் குடுக்க முடியுமா, இல்ல வாரக் கடைசிலதான் தோட்டத்துப் பக்கம் போவீங்களா? உண்மையா பதில் சொல்லிக்கோங்க.

இது போக வேர் எவ்வளவு தொந்தரவு படுதுங்கறதும், முதல்ல கண்ணுக்குத் தெரியாம அப்புறமா வந்து நிக்குற செலவும் இருக்கு, அதையும் ஒவ்வொண்ணுலயும் சொல்லிடறேன்.

## வழிக்கு முன்னாடி விதை

விதை சரியில்லன்னா எந்த வழியும் உங்களைக் காப்பாத்தாது, அதனால சுருக்கமா இதை மட்டும் பாத்துடலாம். பச்சையா இருக்குற மிளகாயைப் பிளந்து எடுத்த விதை முத்தியிருக்காது, நல்லா நிறம் மாறி பழுத்த பழத்துல இருந்துதான் எடுக்கணும். சமையல்கட்டுல இருக்குற காய்ஞ்ச மிளகாய்ல இருந்து எடுக்கலாமான்னா எடுக்கலாம், வெயில்ல காய வச்சதா இருந்தா முளைக்க நல்ல வாய்ப்பு இருக்கு, மெஷின்ல அதிக சூட்டுல காய வச்சதோ வறுத்ததோ இருந்தா கரு செத்துப் போயிருக்கும், வெளிய பாத்து கண்டுபிடிக்க முடியாது. இன்னொரு விஷயம், அந்த மிளகாய் எஃப்1 ஹைப்ரிட் (ரெண்டு வகையைச் சேர்த்து உருவாக்கின முதல் தலைமுறை கலப்பு) செடில காய்ச்சதா இருந்தா அதோட விதைல வர்ற செடி தாய்ச்செடி மாதிரியே இருக்காது, ஒண்ணு குட்டையா, ஒண்ணு நெட்டையா, காரமும் ஆளுக்கு ஒரு மாதிரி வரும். பல வகையைப் பக்கத்துப் பக்கத்துல வளர்த்தவங்க தோட்டத்து விதையும் இப்படித்தான், மிளகாய் தன்னாலேயே மகரந்தம் சேர்த்துக்கும்னாலும் தேனீ வந்து போறப்போ கலப்பு நல்லாவே நடக்கும்.

பாக்கெட் விதைன்னா தேதியைப் பாருங்க. குளிர்ச்சியா ஈரமில்லாம வச்சிருந்தா ரெண்டு மூணு வருஷம் தாராளமா தாங்கும், சூடும் ஈரமும் இருக்குற அலமாரில கிடந்தா அதுக்கு முன்னாடியே முளைப்பு விழுந்துடும். தண்ணில போட்டு மிதந்தா கெட்ட விதைன்னு சொல்றதை மிளகாய்க்கு நம்பாதீங்க, மிளகாய் விதை தட்டையா லேசா இருக்கும், நல்லா காய்ஞ்ச நல்ல விதையே மிதக்கும். மிதந்ததை எல்லாம் தூக்கிப் போட்டு நல்ல விதையை வீணாக்கினவங்க நிறைய பேர்.

விதை எடுக்குறப்போ கையுறை போட்டுக்கோங்க. காரம் விதைல இல்ல, விதை ஒட்டிக்கிட்டு இருக்குற அந்த வெள்ளை சதைலதான் இருக்கு, ஆனா எடுக்குறப்போ எல்லாத்துலயும் பட்டுடும், அந்தக் கையோட கண்ணைத் தொட்டா பாடு பெரும் பாடு.

## முதல் வழி: நேரா தொட்டியில, இல்ல தரையில

இதுல எனக்குப் பிடிச்சது ஒண்ணு, விதை எங்க விழுந்துச்சோ அங்கேயே செடி வளரும். ஆணிவேர் உடையாம நேரா கீழ இறங்கும், பிடுங்கி நட்ட செடி ஒரு வாரம் பத்து நாள் திகைச்சு நிக்குமே, அந்தத் திகைப்பே கிடையாது. ஒரே மாதிரி சூடு இருக்குற இடத்துல, சீசன் நீளமா இருக்குற இடத்துல இப்படி வந்த செடிங்க தண்டு தடிமனா காத்துக்கு அசையாம நிக்குறதைப் பாத்திருக்கேன்.

செய்யுறது சுலபம். ஒரு இடத்துல நாலஞ்சு விதை, முக்கால் செண்டிமீட்டர்ல இருந்து ஒரு செண்டிமீட்டர் ஆழம், மேல மெல்லிசா சலிச்ச மண்ணு, பூவாளியால மழைத்தூறல் மாதிரி தண்ணி. முளைச்சு ரெண்டு நிஜ இலை (முதல்ல வர்ற ஜோடி வித்திலை, அதுக்கு அப்புறம் வர்றதுதான் நிஜ இலை) வந்ததும் நல்லா இருக்குற ஒண்ணை விட்டுட்டு மத்ததைக் கத்தரிக்கோலால மண்ணோட சமமா வெட்டிடுங்க, பிடுங்கினா நீங்க வச்சுக்கணும்னு நினைக்குற செடியோட வேரும் சேர்ந்து ஆடிடும்.

இப்போ மறைஞ்சிருக்குற செலவு. முதல்ல விதை நிறைய போகும். நத்தை ஒரே ராத்திரில ஒரு வரிசையைக் காலி பண்ணிடும், எறும்பு தூக்கிட்டுப் போகும், பறவைங்களுக்கு மிளகாய் காரமே தெரியாது, அதுங்க உடம்பு அந்தக் காரத்தை உணர்ற மாதிரி அமையல, அதனால காரம் இருக்கு யாரும் தொட மாட்டாங்கன்னு நிம்மதியா இருக்க முடியாது. ஒரு பெரிய மழை வந்தா விதை ஒரு மூலைக்கு அடிச்சுக்கிட்டுப் போயிடும், மழை விட்டு காய்ஞ்சா மேல்மண்ணு ஓடு மாதிரி இறுகிடும், குருத்து அதைத் தள்ளிட்டு மேல வர முடியாம உள்ளேயே வளைஞ்சு செத்துப்போகும்.

பெரிய தொட்டில இன்னொரு சிக்கல் இருக்கு, இதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. 12 இன்ச் தொட்டி நிறைய மண்ணு, அதுக்கு நடுவுல நகக்கண்ணு அளவு செடி. மேல காய்ஞ்சு தெரியுதேன்னு தண்ணி ஊத்துவோம், அந்தச் செடியால அவ்வளவு தண்ணியைக் குடிக்க முடியாது, அடிமண்ணு வாரக்கணக்கா சொதசொதன்னு கிடக்கும், அதுதான் அழுகல் நோய்க்கு விருந்து. அதனால இந்த வழில போறவங்க தொட்டி முழுக்க ஊத்தாம செடியைச் சுத்தி மட்டும் ஸ்ப்ரேயர்ல நனைங்க, விதை போட்ட இடத்து மேல அடியை வெட்டின பிளாஸ்டிக் பாட்டிலைக் கவுத்து வைங்க, மூடியைத் திறந்து விட்டுடணும், நத்தை பறவை மழை மூணுக்கும் அது ஒரு கூரை. வெயில் ஏற ஆரம்பிச்சா பாட்டிலை எடுத்துடணும், உள்ள வெந்துடும்.

யாருக்கு இது சரின்னா, ராத்திரியும் 20 டிகிரிக்கு மேல நிலையா இருக்குற காலம், விதை தாராளமா கைல இருக்கு, சாதாரண மிளகாய் வகை, நாலஞ்சு செடி போதும்னு நினைக்குறவங்க. விதைல இருந்து முதல் பறிப்புக்கு மூணரை மாசத்துல இருந்து அஞ்சு மாசம் ஆகும், அவ்வளவு நாள் சூடு தாங்காத ஊர்க்காரங்க இந்த வழியை விட்டுடுறதுதான் நல்லது. சைனென்ஸ் வகைக்கும் வேண்டாம், ஒரு மாசம் திறந்த தொட்டில விதையைக் காவல் காக்க யாராலயும் முடியாது.

## ரெண்டாவது வழி: நாத்து ட்ரே

நான் இப்போ பெரும்பாலும் போறது இதுலதான், அதனால கொஞ்சம் நீட்டிதான் சொல்வேன்.

நாத்து ட்ரேன்னா சின்னச் சின்னக் குழியா இருக்குற தட்டு. ட்ரேயோட பெரிய பலம், முப்பது செடியும் ஒரு முழம் இடத்துல கண்ணுக்கு முன்னாடி இருக்கும். சூடு பத்தலன்னா சூடான இடத்துக்குத் தூக்கிட்டுப் போகலாம், மழை வந்தா உள்ள எடுத்து வைக்கலாம், ஒரு குழில நோய் வந்தா அந்தக் குழியை மட்டும் தூக்கிப் போட்டுட்டு பக்கத்துல இருக்குறதைக் காப்பாத்தலாம். நான் மேல சொன்ன அந்த முதல் மூணு வாரத்தை உங்க கைல குடுக்குற வழி இதுதான்.

கலவைக்கு கோகோபீட்டும் (தேங்காய் நார்க் கழிவு) மண்புழு உரமும் கலந்தா போதும், தோட்டத்து மண்ணை அள்ளிப் போடாதீங்க, சின்னக் குழில அது இறுகி கல்லாயிடும், பூஞ்சையும் கூடவே வரும். கோகோபீட் கட்டியை ஊற வச்சு ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணில அலசிப் பிழிங்க, அதுல உப்பு இருக்கும், அலசாம போட்டா முளை வந்ததும் இலை ஓரம் கருகும். ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடிச்சா ரெண்டு மூணு சொட்டு மட்டும் வரணும், தாரையா ஒழுகினா ஈரம் ஜாஸ்தி.

முளைக்குற வரைக்கும் மூடி வைக்கலாம், மிளகாய் விதைக்கு முளைக்க வெளிச்சம் தேவையில்ல. ஆனா முதல் வளைஞ்ச கழுத்து மண்ணுக்கு மேல தெரிஞ்ச அன்னைக்கே மூடியை எடுத்துட்டு வெளிச்சத்துக்குக் கொண்டு போயிடணும். ஒரு நாள் தள்ளிப்போட்டா அவ்வளவுதான், வெளிச்சத்தைத் தேடி தண்டு நீண்டு நூலாகிடும், அப்புறம் எவ்வளவு வெயில் காட்டினாலும் அந்தத் தண்டு குட்டையாகாது. ஜன்னல் பக்கத்து வெளிச்சம் நம்ம கண்ணுக்குப் போதும்னு தோணும், செடிக்குப் பத்தாது. வீட்டுக்குள்ள வளர்க்குறவங்க எல்இடி லைட்டை செடிக்கு நெருக்கமா வச்சு 14ல இருந்து 16 மணி நேரம் எரிய விடணும். இதுதான் ட்ரேல முதல் மறைமுகச் செலவு, ட்ரே வாங்குறப்போ லைட்டைப் பத்தி யாருமே யோசிக்குறதில்ல.

சில குருத்து விதைத்தோலைத் தலைல தொப்பி மாதிரி மாட்டிக்கிட்டு வரும். பிச்சு எடுக்காதீங்க, நான் அவசரப்பட்டு இழுத்து வித்திலை ரெண்டும் தோலோடயே வந்து செடி மொட்டையா நின்னுச்சு, அது அப்புறம் வளரவே இல்ல. ஸ்ப்ரேயர்ல நனைச்சு பத்து பதினஞ்சு நிமிஷம் ஊற விட்டு மெதுவா தொட்டுப் பாருங்க, வரலன்னா மறுபடியும் நனைச்சு விட்டுடுங்க. ஆழம் கம்மியா போட்ட விதைலதான் இது அதிகம் வரும், சரியான ஆழத்துல மண்ணே அந்தத் தோலை உரசிக் கழட்டிடும்.

தண்ணியை மேல இருந்து ஊத்தாம, ட்ரேயை ஒரு தட்டுல தண்ணி விட்டு கால் மணி நேரம் வச்சு எடுங்க, அடில இருந்து உறிஞ்சிக்கும், தண்டு பக்கம் மேல்மண்ணு காய்ஞ்சே இருக்கும், அழுகல் நோய் வர்ற வாய்ப்பு பாதியா குறைஞ்ச மாதிரிதான். லேசா காத்து ஓடணும், ஃபேன் மெதுவா சுத்தினா போதும், தண்டும் அதுல ஆடி ஆடி உறுதியாகும். டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்குற நல்ல பூஞ்சை) கிடைச்சா கலவைலயே சேர்த்துடுங்க, அது நோய் வரும் முன்னாடி போட வேண்டியது, வந்த அப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல.

ரெண்டாவது மறைமுகச் செலவு நாள் கணக்கு. குழி சின்னது, அஞ்சாறு வாரம் தாண்டினா வேர் உள்ளயே சுத்தி சுத்திப் பின்னிக்கும், செடி வளர்ச்சி நின்னு கையளவு உசரத்துலயே பூ வைக்க ஆரம்பிச்சிடும். ஆஹா சீக்கிரம் பூத்துடுச்சேன்னு சந்தோஷப்படாதீங்க, அது செடி கஷ்டப்படுறதோட அடையாளம். வெளிய இன்னும் குளிரா இருந்தா நடுவுல ஒரு தடவை கொஞ்சம் பெரிய கப்புக்கு மாத்தியே ஆகணும், அப்போ கப்பு, கலவை, இடம், நேரம் எல்லாம் ரெண்டு மடங்கு. அதே மாதிரி வெயில் நாள்ல சின்னக் குழி ஒரே மதியத்துல காய்ஞ்சுடும், ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு வந்தா மிச்சம் ஒண்ணும் இருக்காது.

நாலுல இருந்து ஆறு நிஜ இலை வந்ததும் மாத்தலாம். அதுக்கு முன்னாடி ஒரு வாரம் பத்து நாள் வெளி வெயிலுக்குப் பழக்கணும், முதல் நாள் ஒரு மணி நேரம் நிழல் கலந்த வெயில், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். இதைத் தாவி நேரா வெயில்ல வச்சீங்கன்னா இலை வெள்ளையா வெளிறிடும். சாயங்காலமா நடுங்க. தக்காளி மாதிரி தண்டைப் புதைச்சு ஆழமா நடுறது மிளகாய்ல பெரிசா உதவாது, தக்காளித் தண்டு மாதிரி இது சட்டுனு வேர் விடாது, ட்ரேல இருந்த அளவுக்கே நட்டா போதும்.

யாருக்கு சரின்னா, பத்து செடிக்கு மேல வேணும்ங்குறவங்க, தினமும் ஒரு தடவையாவது எட்டிப் பாக்க முடியுறவங்க, சீசன் சின்னதா இருந்து வெளிய சூடு வர்றதுக்கு ஆறு எட்டு வாரம் முன்னாடியே உள்ள ஆரம்பிக்க வேண்டியவங்க.

## மூணாவது வழி: ஈர டிஷ்யூ பேப்பர்

ஒரு ராத்திரி ஊற வச்ச விதையை ஈர டிஷ்யூல பரப்பி மடிச்சு டப்பாலயோ ஜிப் கவர்லயோ போட்டு சூடான இடத்துல வைக்குறது. சூடு சரியா இருந்தா சாதாரண வகை நாலுல இருந்து ஏழு நாள்ல வெள்ளை முளை காட்டும். பாக்கவே அவ்வளவு சந்தோஷமா இருக்கும், மண்ணுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம தவிக்க வேண்டாம்.

ஆனா இந்த வேகத்தை நம்பி ஏமாந்துடாதீங்க. டிஷ்யூல சீக்கிரம் முளைக்குற மாதிரி தெரியுறதுக்கு ஒரு காரணம், மண்ணுல விதை போட்டா முளைச்சு மேல வந்தப்புறம்தான் நமக்குத் தெரியும், இங்க வேர் நுனி எட்டிப் பாக்குறப்பவே தெரிஞ்சுடுது. மீதி வேகம் சூடான இடத்துல வச்சதால வர்றது, ட்ரேயையும் அதே சூட்டுல வச்சா வித்தியாசம் ரொம்ப சுருங்கிடும். முக்கியமா, முளைச்ச விதை எப்படியும் மண்ணுக்குப் போய்த்தான் ஆகணும், அழுகல் நோய், வெளிச்சம், தண்ணி, எல்லாப் பரீட்சையும் அதுக்கு அப்புறமும் அப்படியே காத்துக்கிட்டு இருக்கு.

இதோட விலை நேரம்தான். முளை 3ல இருந்து 5 மில்லிமீட்டர் இருக்குறப்போ எடுத்து மண்ணுல வச்சிடணும், ஒரு செண்டிமீட்டர் தாண்டினா வேர் டிஷ்யூ நாருக்குள்ள புகுந்துடும், இழுத்தா நுனி உடையும், நுனி உடைஞ்ச விதையை நம்பி இருக்காதீங்க. அப்படி ஒட்டிக்கிட்டா டிஷ்யூவை வெட்டி துண்டோடயே நட்டுடுங்க, அது மக்கிடும். காஃபி ஃபில்டர் பேப்பர் இருந்தா அது இன்னும் நல்லது, நெருக்கமான பேப்பர், வேர் அவ்வளவு சுலபமா புகாது. எடுக்குறப்போ விதைத்தோலைப் பிடிங்க, வேரைத் தொடாதீங்க, வேர் கீழ பாக்குற மாதிரி குழில வச்சு லேசா மூடுங்க.

அடுத்தது பூசணம். பேப்பர் ஈரமா இருக்கணும், தண்ணி தேங்கக் கூடாது, விதைக்கும் மூச்சு விடக் காத்து வேணும், தினமும் கவரைத் திறந்து ஒரு நிமிஷம் காத்து காட்டுங்க. வெள்ளைப் பூசணம் தெரிஞ்சா அந்த விதையைக் கழுவி புது பேப்பருக்கு மாத்துங்க. சைனென்ஸ் வகைக்கு மூணு நாலு வாரம் இதைப் பண்ணணும்னா எத்தனை பேப்பர், எத்தனை தடவை திறந்து பாக்குறதுன்னு யோசிச்சுக்கோங்க, இருந்தாலும் அரிய வகை விதை அஞ்சோ ஆறோதான் இருக்குன்னா நான் இதைத்தான் பண்ணுவேன், ஒவ்வொரு விதையும் உயிரோட இருக்கான்னு கண்ணால பாக்க முடியுற வழி வேற இல்ல.

டிஷ்யூவை நான் ரொம்ப மதிக்குற இடம் இன்னொண்ணு இருக்கு, பழைய விதையைச் சோதிக்குறதுக்கு. பத்து விதை போட்டு ரெண்டு வாரம் (சைனென்ஸ் வகைக்கு இன்னும் அதிக நாள்) பாருங்க, எட்டு முளைச்சா ட்ரேல குழிக்கு ஒண்ணு போடலாம், நாலு முளைச்சா குழிக்கு மூணு போடுங்க, ஒண்ணுமே இல்லன்னா அந்த பாக்கெட்டுக்காக ஒரு மாசம் வீணாக்காம வேற விதை தேடலாம்.

## நாலாவது வழி: நாத்தே வாங்குறது

விதை பிரியர்கள் இதைக் கேவலமா பேசுறது எனக்குப் பிடிக்காது. ஆறுல இருந்து எட்டு வாரம் மிச்சம், அதுவும் ரொம்ப ஆபத்தான வாரங்க. மூணு செடி மட்டும் வேணும்ங்குறவங்க ட்ரே, கலவை, லைட்டுன்னு போறதைவிட மூணு நாத்து வாங்கி நடுறது புத்திசாலித்தனம். சீசன் பாதி போயிட்டவங்களுக்கும் இதுதான் வழி.

செலவு எங்க ஒளிஞ்சிருக்குன்னா, செடியோட சேர்ந்து வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்க. ஒரு தடவை நாலு நாத்து வாங்கிட்டு வந்து ஆர்வத்துல அன்னைக்கே என் பழைய செடிங்க நடுவுல வச்சேன். ரெண்டு வாரத்துல புது இலையெல்லாம் சுருள ஆரம்பிச்சு, ஒரு மாசத்துல நான் விதைல இருந்து வளர்த்த செடிங்களும் சேர்ந்து போச்சு. அந்த நாலு நாத்தோட மதிப்பு நான் குடுத்த காசு இல்ல, என் பதினோரு செடி. அதுக்கு அப்புறம் எந்த நாத்து வந்தாலும் பத்துல இருந்து பதினாலு நாள் தனியா வேற பக்கம் வச்சுதான் உள்ள சேர்க்குறேன்.

வாங்குறப்போ இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க. இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு படகு மாதிரி இருந்தா இலைப்பேன், கீழ்நோக்கி மடங்கி காம்பு நீண்டு தெரிஞ்சா சிலந்திப்பேன்னு சந்தேகப்படுங்க, தட்டினா வெள்ளையா பறந்தா வெள்ளை ஈ, அது இலைச்சுருட்டு வைரஸைக் கடத்துற பூச்சி, அந்த வைரஸ் வந்த செடிக்கு மருந்து கிடையாது. பூ வச்சு உசரமா நிக்குற நாத்தைவிட குட்டையா, தண்டு தடிமனா, பூ இல்லாம இருக்குறதை எடுங்க. கப்பை லேசா கவுத்து வேரைப் பாருங்க, வெள்ளையா இருக்கணும், பழுப்பா சொதசொதன்னு இருந்தா வேண்டாம். ஒரே கப்புல மூணு நாலு செடி நெருக்கமா இருந்தா லாபம்னு தோணும், பிரிக்குறப்போ வேர் அறுந்து பாதி போயிடும்.

இன்னொண்ணு, வகை. நாத்தா கிடைக்குறது நாலஞ்சு வகைதான், அதுலயும் எழுதி வச்ச பேரும் காய்க்குற காயும் ஒண்ணா இருக்கும்னு உறுதி இல்ல, காய் வந்தாதான் தெரியும், அப்போ மூணு மாசம் போயிருக்கும். உங்களுக்கு ஒரு குறிப்பிட்ட வகைதான் வேணும்னா விதையைத் தவிர வேற வழியே இல்ல.

## பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா

| | நேரா தொட்டி | நாத்து ட்ரே | ஈர டிஷ்யூ | வாங்கின நாத்து |
|---|---|---|---|---|
| தேவைப்படுற விதை | நிறைய | அளவா | ரொம்ப கம்மி | இல்ல |
| சூட்டை நம்ம கைல வச்சுக்க முடியுமா | முடியாது | முடியும் | ரொம்ப சுலபம் | தேவையில்ல |
| முதல் 3 வாரத்து ஆபத்து | அதிகம் | கவனிச்சா கம்மி | மண்ணுக்கு மாத்தின அப்புறம் ட்ரே மாதிரியே | தாண்டி வந்துடுச்சு |
| வேர் தொந்தரவு | இல்ல | ஒண்ணு ரெண்டு தடவை | முளைலயே ஒரு தடவை, அப்புறம் ட்ரே மாதிரி | ஒரு தடவை, வேர் சுத்தியிருக்கலாம் |
| தினசரி கவனிப்பு | நடுத்தரம் | தினமும் | தினமும், ஒரு நாள்கூட தவறக் கூடாது | கம்மி |
| மறைமுகச் செலவு | வீணாகுற விதை, இடம் | லைட், கப்பு, ரெண்டாவது கலவை | பூசணம், உடையுற வேர் | பூச்சி, நோய், தப்பான வகை |
| தாமதமா முளைக்குற வகைக்கு | வேண்டாம் | நல்லது | நல்லது | கிடைச்சா வாங்கலாம் |

## உங்க நிலைமைக்கு எது

முதல் தடவை வளர்க்குறீங்க, அஞ்சு செடிக்குள்ளதான் வேணும்னா ரெண்டு நாத்து வாங்கி நட்டுட்டு, கூடவே ஆறு விதையை ட்ரேல போடுங்க. வாங்கின செடி காய்ச்சுக்கிட்டு இருக்குறப்போ விதைச்செடி பின்னாடியே வரும், ஒண்ணு போனாலும் மனசு உடையாது.

வாரக் கடைசிலதான் நேரம்னா டிஷ்யூ பக்கம் போகவே போகாதீங்க, புதன்கிழமை முளைச்ச விதை சனிக்கிழமை வரைக்கும் உங்களுக்காகக் காத்திருக்காது. வெயில் ஏறினா பாட்டிலை எடுக்கவும் தண்ணி தெளிக்கவும் வீட்டுல யாராவது இருந்தா சூடான காலத்துல நேரடி விதைப்பு, பாட்டில் கூரையோட. இல்லன்னாலும், மத்த காலத்துலயும் நாத்து.

அரிய வகை, கைல சில விதை மட்டும்னா டிஷ்யூல முளைக்க வச்சு, முளைச்சதை ட்ரேக்கு பதிலா நேரா சின்னக் கப்புக்கு மாத்துங்க, ஒரு மாத்தல் மிச்சமாகும். சைனென்ஸ் வகை விதையை முளைக்க வைக்காம மண்ணுல போட்டிருந்தா ஒரு மாசத்துக்குள்ள தோண்டிப் பாக்காதீங்க, கை வச்சுக் கிளறிக் கிளறி நல்ல முளையை உடைச்சவங்களை நான் பாத்திருக்கேன்.

இருபது முப்பது செடி, நாலஞ்சு வகைன்னா யோசிக்கவே வேண்டாம், ட்ரேதான். அப்போ ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க, விதை போடுற அன்னைக்கே ஒவ்வொரு வரிசைலயும் வகைப் பேரும் தேதியும் அழியாத பேனாவுல எழுதி குத்தி வைங்க, பேப்பர் லேபிள் வேண்டாம், ரெண்டே தண்ணில மை கரைஞ்சிடும். மிளகாய் நாத்து எல்லாம் சின்ன வயசுல ஒரே முகம், எது காரம் கம்மி, எது தொட்டாலே எரியுற வகைன்னு காய் வர்ற வரைக்கும் செடியைப் பாத்து சொல்ல முடியாது, அதுவும் வீட்டுல குழந்தைங்க பறிச்சு வாயில வைக்குற வயசுல இருந்தா அந்தப் பேர் எழுதின குச்சி கண்டிப்பா தொட்டி வரைக்கும் கூடவே போகணும்.